மெரிடாவில் ஒரு ஞாயிறு: 5 வயது, 2 வயது, கூடவே அம்மா. எப்படிப் போடலாம் திட்டம்?

மீனா ஹூஸ்டன்

வணக்கம். மார்ச் பள்ளி விடுமுறைக்கு மெக்சிகோவின் மெரிடாவுக்குப் போகிறோம். கான்கூன் கடற்கரை விடுதிகள் வேண்டாம் என்று சொன்னது நான்தான். கையில் பட்டை கட்டிக்கொண்டு ஒரே வளாகத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. கடைத்தெரு, கோயில், பூங்கா என்று மனிதர்கள் நடமாடும் ஊராக இருக்க வேண்டும்.

பெரியவனுக்கு 5 வயது, டைனோசர் பைத்தியம். சின்னவளுக்கு 2. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் உடன் வருகிறார். முட்டைகூடத் தொடாத சைவம், முழங்கால் வலி வேறு. வந்த அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, முழுதாகக் கையில் இருக்கிறது. "அவ்வளவு தூரம் போய்விட்டுப் பழைய மாயா நகரமான சீச்சேன் இட்சா பார்க்காமல் வருவதா?" என்கிறார் கணவர். எனக்கு அந்த நாளை ஊருக்குள்ளேயே கழிக்கலாம் என்று தோன்றுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். வெயில், சாப்பாடு, ஸ்ட்ரோலர், எதுவானாலும் சரி.

வரலாற்றுப் பித்தன்

என் ஓட்டு உங்கள் கணவருக்கு. மெரிடாவிலிருந்து சீச்சேன் இட்சா சுமார் 120 கி.மீ., ஒன்றரை மணி நேரம். காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். திறக்கும்போது வாசலில் நின்றால் கான்கூன் பேருந்துகள் வந்து இறங்குவதற்கு முன் முக்கியமானதையெல்லாம் பார்த்துவிடலாம்.

5 வயதுப் பையனுக்கு அங்கே விஷயம் இருக்கிறது. பெரிய பிரமிடில் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சியில் ஒன்று, ஆக 365. வருடத்தின் நாள்களைப் படியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். படிக்கட்டுக்கு எதிரே நின்று கை தட்டினால் பறவை கத்துவது போல ஒரு எதிரொலி திரும்பி வரும். என் மகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

இரட்டைக்கு அப்பா

பித்தன் அண்ணா, உங்கள் மகளுக்கு அப்போது என்ன வயது?

வரலாற்றுப் பித்தன்

11.

இரட்டைக்கு அப்பா

அதைத்தான் கேட்டேன். 🙂

மீனா, பிரமிடில் இப்போது யாரையும் ஏற விடுவதில்லை. பல வருடங்களாகவே அப்படித்தான். பெரிய திறந்த புல்வெளி, நடுவில் பிரமிடு, சுற்றிலும் கயிறு. நிழல் வேண்டுமானால் ஓர மரங்களுக்கு ஓட வேண்டும். அங்கே வழி நெடுக வியாபாரிகள்; சிறுத்தை உறுமுவது போலச் சத்தம் வரும் ஊதல் விற்பார்கள். பையன் கண்ணில் அது பட்டால் பிரமிடாவது ஒன்றாவது.

இன்னொன்று, மார்ச் 20, 21 தேதிகளை ஒட்டி உங்கள் ஞாயிறு வருகிறதா என்று பாருங்கள். சூரியன் சரியும்போது பிரமிடின் படிக்கட்டு ஓரத்தில் பாம்பு இறங்குவது போல நிழல் விழும் நாள்கள் அவை. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். 2 வயதுக் குழந்தையோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

யுகட்டான் மருமகள்

இந்த இழையைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக முடியவில்லை. நான் திருநெல்வேலி, கணவர் மெரிடாக்காரர், மாமியார் வீடு சாந்தியாகோ பூங்காவுக்குப் பக்கம். இரண்டு பிள்ளைகளை இந்த வெயிலில்தான் வளர்க்கிறேன்.

மெரிடாவில் நாளைத் திட்டமிடுவது நீங்கள் அல்ல, வெயில். காலை 7-லிருந்து 11 வரை ஒரு ஊர். 12-லிருந்து 5 வரை தெருவில் நாய்கூட இருக்காது. 6 மணிக்கு மேல் இன்னொரு ஊர். மார்ச்சிலேயே பகலில் 35 டிகிரியைத் தொடும், ஏப்ரல், மே மாதங்களில் 40. இங்கே பிறந்து வளர்ந்தவர்களே மதியம் வெளியே தலை காட்டுவதில்லை. சுற்றுலா வந்தவர்கள்தான் "ஒரு நாள் வீணாகிறதே" என்று 2 மணிக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அலைவார்கள். குழந்தை அழும், அம்மா அழமாட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம். காலை 8 மணிக்குப் பாசெயோ தே மோன்தேஹோ சாலையில் கார்களை நிறுத்திவிட்டு, நண்பகல் வரை சைக்கிளுக்கு விடுவார்கள். இரண்டு பக்கமும் மரம், பின்னால் பழைய மாளிகைகள். குடும்பமாக உட்கார்ந்து மிதிக்கிற நாலு சக்கர வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். பாட்டி பின் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து வரலாம், முழங்காலுக்கு வேலையே இல்லை.

11 மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். குளி, சாப்பிடு, தூங்கு. விடுதி எடுக்கும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, சுவரில் ஊஞ்சல் வலைக்குக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வீடு கட்டும்போதே அறைக்கு அறை கொக்கியைச் சுவரில் பதித்துவிடுவார்கள், பழைய விடுதிகளிலும் உண்டு. என் மாமியார் வீட்டில் கட்டில் இருக்கிறது. அதில் துவைத்த துணிதான் படுத்திருக்கும். மனிதர்கள் எல்லாரும் வலையில். என் மகனைத் தூளியில் போட வேண்டும் என்று நான் சேலையை எடுத்தபோது, மாமியார் பேசாமல் ஒரு சின்ன வலையை மாட்டிக் குழந்தையைக் குறுக்காகக் கிடத்தி, காலால் ஆட்டிக்கொண்டே பட்டாணி உரித்தார். எனக்கு என் ஆச்சிதான் உட்கார்ந்திருக்கிறார் போல இருந்தது.

மாலை 6 மணிக்கு ஊர் நடுவே உள்ள சதுக்கம், பிளாசா கிராந்தே. ஞாயிறென்றால் சுற்றுத் தெருக்களில் வண்டி கிடையாது, கடைகள், பாட்டு, ஆட்டம். இரவு 10 மணிக்கும் கைக்குழந்தைகள் விழித்திருக்கும். யாரும் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

நல்லூரான்

மருமகள் தங்கச்சி சொன்னதுதான் சரி. நாங்கள் டொராண்டோவில் இருந்து பனிக்குப் பயந்து பெப்ரவரியில் போனனாங்கள். அங்கத்தைய ஆட்கள் பிள்ளைகளைக் கண்டால் விடமாட்டினம். உணவகத்தில் என்ரை மகன் சிணுங்கினதும், பரிமாற வந்த அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள்ளே போய், ஒரு சோள ரொட்டியோடை திருப்பிக் கொண்டுவந்து தந்தா. கனடாவில் இப்படி நடந்தால் பொலிஸைக் கூப்பிட்டிருப்பம். 😄

ஸ்ட்ரோலர் கொண்டு போகாதையுங்கோ. பழைய நகரத்தில் நடைபாதை அகலம் குறைவு, விளிம்பு உயரம், இடையிலை மின்கம்பம். பிள்ளையை நெஞ்சோடை கட்டுற பைதான் வசதி. மோன்தேஹோ சாலையில் மட்டும் உருட்டலாம்.

சைவப் பயணி

சாப்பாடு பற்றி நான் சொல்கிறேன், முட்டையும் தொடாத அம்மாவோடு போனவன் என்ற தகுதியில்.

"இறைச்சி வேண்டாம்" என்றால் அங்கே மாடும் பன்றியும் மட்டும்தான் கணக்கு. கோழி தனி, ஹாம் தனி. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைவிட முக்கியம், கறுப்பு பீன்ஸ் மசியல் பார்க்கச் சைவமாக இருக்கும், பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள். "சின் மந்தேக்கா" என்று கேளுங்கள், கொழுப்பில்லாமல் என்று பொருள். இலையில் சுற்றி அவிக்கும் சோளமாவுப் பண்டமான தமாலிலும் அதே கதை, மாவிலேயே பிசைந்திருப்பார்கள். பாப்பட்சூல் என்று பூசணி விதைக் குழம்பு ஊற்றிய ஒரு பதார்த்தம், பச்சையாக அழகாக இருக்கும், உள்ளே அவித்த முட்டை. எலுமிச்சை சூப்பில் கோழி. ஆகப் பாட்டிக்குத் துணை சோள ரொட்டி, வெண்ணெய்ப்பழம், வதக்கிய காய், பழங்கள்.

கவலைப்படாதீர்கள், பழத்திலேயே பாட்டி மனம் நிறைந்துவிடுவார். சப்போட்டா, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான், இங்கிருந்து நம் ஊருக்கு வந்தவை. லூகாஸ் தே கால்வெஸ் சந்தைக்குக் காலையில் கூட்டிப் போங்கள். நம் சீத்தாப்பழமும் அங்கே உண்டு, பருவம் இருந்தால்.

மேஜையில் சின்னக் கிண்ணத்தில் வைக்கிற காரத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் தள்ளி வையுங்கள். ஹபனேரோ மிளகாய். "நாங்கள் ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுவோம்" என்று ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்ட என் மைத்துனர் அன்று முழுக்கப் பேசவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் நிம்மதி.

மீனா ஹூஸ்டன்

எல்லோருக்கும் நன்றி. கொழுப்பு விஷயம் சத்தியமாகத் தெரியாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அரிசி, பருப்பு, மின்சாரக் குக்கர் என்று மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு கேள்வி. அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்கச் சுற்றுலா விசா. மெக்சிகோ விசா தனியாக வேண்டுமா? அடுத்து, பையனுக்குச் செனோட்டே எனப்படும் கிணறு மாதிரி நீர்நிலைகளைப் பார்க்க வேண்டுமாம். 2 வயதுக் குழந்தையோடு முடியுமா?

இரட்டைக்கு அப்பா

விசா: செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கிரீன் கார்டு இருந்தாலும் அப்படியே. ஆனால் எச்1பி வேலை விசாவில் இருந்து, விசா முத்திரை காலாவதியாகி, வேலை அனுமதித் தாளை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனம். 30 நாளுக்குள் திரும்பினால் அமெரிக்கா உள்ளே விடுவதற்கு ஒரு விதி இருக்கிறது. மெக்சிகோ உள்ளே விடுமா என்பது வேறு கேள்வி, அவர்களுக்கு உயிருள்ள விசாதான் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு விமான நிலையம் வரை வந்து திரும்பியவர்கள் உண்டு. கிளம்பும் முன் தூதரகப் பக்கத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

செனோட்டே: உங்கள் பையனுக்கு ஒரு கதை சொல்லிக் கூட்டிப் போங்கள். 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன் டைனோசர்களை முடித்த விண்கல் விழுந்த இடம் மெரிடா இருக்கும் இதே யுகட்டான் தீபகற்பம்தான். பள்ளத்தின் மையம் மெரிடாவுக்கு வடக்கே கடற்கரையில், சிக்‌ஷுலூப் என்ற ஊர்ப் பக்கம். பள்ளம் சுமார் 180 கி.மீ. அகலம், இப்போது சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் செனோட்டேகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு வில் மாதிரி வரிசையாக நிற்கும். மெரிடா நகரம் அந்த வில்லுக்கு உள்ளே இருக்கிறது. என் பையன்களிடம் "டைனோசரைக் கொன்ற குழிக்குள் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுகிறீர்கள்" என்று சொன்னேன். அதற்கு மேல் எந்த அருங்காட்சியகமும் தேவைப்படவில்லை.

செவிலி சாந்தி

செனோட்டே பற்றி ஒரு மாற்றுக் கருத்து. 2 வயதுக் குழந்தைக்கு வேண்டாம் என்பேன். பல இடங்களில் செங்குத்தான, வழுக்கும் மரப்படியில் இறங்க வேண்டும், கீழே ஆழம் தெரியாத தண்ணீர். மிதவை உடுப்பு தருவார்கள், அந்த அளவு சின்னக் குழந்தைக்கு ஒழுங்காகப் பொருந்துவது கிடைப்பது அரிது. 5 வயதுக்காரனை அப்பா தனியாகக் கூட்டிப் போகட்டும், சொந்த மிதவை உடுப்போடு. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள், தண்ணீர் கெட்டுவிடும் என்பதால். முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். பாட்டியும் சின்னவளும் படி இறங்கவே வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் பல் துலக்கவும் வேண்டாம். 20 லிட்டர் குடம் எல்லா விடுதியிலும் இருக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக் கடையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும், "சுவேரோ" என்று கேளுங்கள். பல மருந்துக் கடைகளை ஒட்டியே ஒரு சின்ன அறையில் டாக்டர் உட்கார்ந்திருப்பார், கட்டணம் மிகக் குறைவு. சாதாரணக் காய்ச்சல், காது வலிக்கு அது போதும். குழந்தை சோர்ந்து போய்ச் சிறுநீரே போகவில்லை என்றால் மட்டும் நேரே மருத்துவமனை, யோசிக்க வேண்டாம்.

கொசு. டெங்கு உள்ள பகுதி. பகலில் கடிக்கிற கொசு என்பதால் காலைச் சைக்கிள் சவாரிக்கும் கொசு மருந்து பூசித்தான் கிளம்ப வேண்டும்.

வரலாற்றுப் பித்தன்

சரி, எல்லோரும் சேர்ந்து என்னைத் தோற்கடித்துவிட்டீர்கள். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். சைக்கிள் ஓட்டவும் ஐஸ்கிரீம் தின்னவும் ஹூஸ்டனில் முடியாதா? மாயா நாகரிகத்தின் வாசலில் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்க்காமல் வருவது எனக்கு ஒப்பவில்லை. குழந்தைக்கு நினைவிருக்காது என்பது வேறு, பெரியவர்களுக்கும் ஆசை இருக்காதா?

யுகட்டான் மருமகள்

நியாயமான கேள்வி அண்ணா. ஆனால் மாயா வரலாறு சீச்சேன் இட்சாவில் டிக்கெட் வாங்கினால்தான் தெரியும் என்று யார் சொன்னது?

மெரிடா 1542-ல் ஸ்பானியர்கள் வெறும் நிலத்தில் கட்டிய ஊர் அல்ல. டிஹோ என்ற மாயா நகரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்த பிரமிடுகளைப் பிரித்துத்தான் கல் எடுத்தார்கள். பிளாசாவின் கிழக்கே நிற்கும் கதீட்ரல் 1598-ல் முடிந்தது, அதன் சுவரில் இருப்பது அந்தக் கல். தெற்கே, ஊரை நிறுவிய ஸ்பானியத் தளபதி மோன்தேஹோவின் வீட்டு முகப்பில் ஈட்டி பிடித்த ஸ்பானிய வீரர்கள் மனிதத் தலைகளை மிதித்துக்கொண்டு நிற்பார்கள், கல்லில் செதுக்கியது. என் மகன் 4 வயதில் அதைப் பார்த்துவிட்டு "ஏன் அவன் தலையில் நிற்கிறான், வலிக்காதா?" என்று கேட்டான். அவன் அப்பா பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது. வடக்கே அரசு மாளிகைக்குள் காஸ்ட்ரோ பச்சேக்கோ வரைந்த பெரிய ஓவியங்கள் இருக்கின்றன, அனுமதி இலவசம். அந்தக் கதையின் மறுபக்கம் அங்கே.

இதற்கெல்லாம் மேல், மாயாக்காரர்கள் எங்கேயும் போய்விடவில்லை. சந்தையில் என் மாமியார் கீரைக்காரம்மாவிடம் மாயா மொழியில்தான் பேரம் பேசுவார். என்னிடம் ஸ்பானியம், அவர்களிடம் மாயா. விலை குறைவது இரண்டாவதில்தான்.

நல்லூரான்

இந்தப் பதிலுக்கு ஒரு கைதட்டு. இடிச்ச கல்லை எடுத்துக் கட்டின கதை எங்களுக்கும் தெரிஞ்ச கதைதானே. யாழ்ப்பாணத்திலை போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை 1621-ல் இடிச்சவை.

சைவப் பயணி

மதியம் குழந்தைகள் தூங்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. நகரத்தின் வடக்கே மாயா உலகப் பெரும் அருங்காட்சியகம் இருக்கிறது, 2012-ல் திறந்தது, குளிர்சாதனம் உண்டு. கட்டடமே இலவம்பஞ்சு மரத்தை நினைத்துக் கட்டியது. மாயாக்காரர்களுக்கு அது உலகைத் தாங்கும் மரம். அம்மாவிடம் "நம் தலையணையில் அடைக்கிற பஞ்சு மரம்தான் இவர்களுக்குச் சாமி" என்றேன், கன்னத்தில் போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு கவலையில்லை.

சென்டெனாரியோ விலங்குக் காட்சிசாலையும் ஒன்று உண்டு. 1910-ல் தொடங்கியது, அனுமதிக் கட்டணம் கிடையாது, குட்டி ரயில் ஓடும். ஞாயிறு கூட்டம் நெரியும். எனக்குப் பழைய கூண்டுகளைப் பார்க்க மனம் வரவில்லை, ஆகவே பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகள் ரயிலுக்காக மட்டும் போனால் நஷ்டமில்லை.

யுகட்டான் மருமகள்

அந்தக் குட்டி ரயிலில்தான் என் கணவரும் அவர் அப்பாவும் சின்ன வயதில் போனார்கள். இந்த ஊர்க்காரர் யாரிடமும் அதைக் குறை சொல்லிவிடாதீர்கள். 🙂

மீனா ஹூஸ்டன்

போய் வந்துவிட்டோம்! தாமதத்துக்கு மன்னிக்கவும், திரும்பியதும் சின்னவளுக்குச் சளி. எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

ஞாயிறு காலை 7 மணிக்கு முதலில் சந்தை. அம்மாவைச் சப்போட்டாக் குவியலுக்கு எதிரே நிறுத்தியதும் அவருக்கு மொழி தேவைப்படவில்லை. பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார், ஒன்றை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். கடைக்கார அம்மாவும் அதே போல ஒன்றை எடுத்து அழுத்திக் காட்டி, "இது நாளைக்கு" என்று சைகை செய்தார். கால் மணி நேரம் இரண்டு பேரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டார்கள். பணம் கொடுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.

8:30-க்கு மோன்தேஹோ சாலை. நாலு சக்கர வண்டியில் நானும் கணவரும் மிதிக்க, அம்மாவும் சின்னவளும் பின்னால். பெரியவன் தனிச் சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். அந்த மாளிகைகளைப் பார்த்து "யார் வீடு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். கற்றாழை நாரில் கயிறு திரித்து உலகத்துக்கே விற்றுச் சம்பாதித்தவர்கள் என்றார் கணவர், எங்கோ படித்து வைத்திருந்தார். அந்தத் தோட்டங்களில் மாயாக்காரர்கள் கடனுக்கு அடிமையாக உழைத்த கதையையும் சொன்னார். "அப்போ கயிறு திரித்தவன் வீடு எங்கே?" என்று அம்மா கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

10:30-க்கு வெயில் சுள்ளென்று ஏறியது. பழைய சர்பத் கடை ஒன்று அந்தச் சாலையிலேயே இருக்கிறது, 1907-லிருந்து நடக்கிறதாம், பெயர் கொலோன். தேங்காய் சர்பத் அம்மாவுக்கு, மாம்பழம் பிள்ளைகளுக்கு. பாலில்லாதது என்பதால் வயிற்றுக்கும் பாரமில்லை. பிறகு அறை.

கொக்கி இருந்தது, வலையும் கேட்டதும் கொடுத்தார்கள். சின்னவள் வலையில் விழுந்து இரண்டு ஆட்டலில் தூங்கிவிட்டாள். ஹூஸ்டனில் இதே பெண்ணைத் தூங்க வைக்க ஒன்றரை மணி நேரம் காரில் சுற்றுவோம். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் "நான் தூளி கட்டலாம் என்றபோது என்ன சொன்னாய்?" என்பது தெளிவாக எழுதியிருந்தது.

மாலை 6:30-க்குப் பிளாசா. ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்காரும் வெள்ளை எஸ் வடிவ நாற்காலிகளில் பெரியவனும் சின்னவளும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நாற்காலி வளைவுக்குள் புகுந்து ஒளிவது விளையாட்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பலூன்காரர் வேட்டை மிருகம் போல என்னை மூன்று சுற்று சுற்றினார்.

மார்க்கெசீட்டா வண்டி பற்றி யாரும் சொல்லவில்லையே! இரட்டை இரும்புத் தட்டில் மாவை ஊற்றி மூடி, கங்கு மேல் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். திறந்ததும் மெல்லிய பழுப்புத் தகடு. சூடு ஆறுவதற்குள் சிவப்பு மெழுகு பூசிய உருண்டை ஈடம் சீஸைத் துருவிக் கொட்டி, சாக்லேட் பசை தடவி, கையாலேயே உருட்டிச் சுருட்டிவிடுகிறார். ஆறியதும் கல்யாண வீட்டு அப்பளம் போல நொறுங்குகிறது. சீஸின் உப்பும் சாக்லேட்டின் இனிப்பும் சேரக் கூடாது என்று கணவர் வாதாடிக்கொண்டே இரண்டாவதை வாங்கினார். மாவில் முட்டை என்று தெரிந்ததால் அம்மாவுக்கு மட்டும் மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்க் கீற்று. அவருக்கு அதில் குறையொன்றும் இல்லை.

9:30-க்கு மேடையில் பாட்டு, நடுத்தெருவில் வயதானவர்கள் ஜோடி ஜோடியாக ஆடினார்கள். தாத்தா ஒருவர் வந்து அம்மாவிடம் கை நீட்டினார், ஆடலாமா என்று. அம்மா என் பின்னால் ஒளிந்துகொண்டார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் கணவரை மட்டும் பேருந்து ஏற்றிச் சீச்சேன் இட்சாவுக்கு அனுப்பிவிட்டோம். பித்தன் அண்ணா, கை தட்டிப் பார்த்தாராம், பறவை கத்தியதாம். பிற்பகல் தக்காளி மாதிரி சிவந்து திரும்பினார்.

வரலாற்றுப் பித்தன்

அனுப்பினீர்களே, அதுவே போதும். பையனுக்கு 11 வயதாகட்டும், இதே இழையில் மறுபடி வந்து நினைவூட்டுவேன்.

செவிலி சாந்தி

செனோட்டே போனீர்களா?

மீனா ஹூஸ்டன்

இல்லை. படத்தில் படிக்கட்டைப் பார்த்ததும் நானே வேண்டாம் என்றுவிட்டேன். அதற்குப் பதில் செவ்வாய்க்கிழமை ப்ரோக்ரெசோ கடற்கரை, வடக்கே அரை மணி நேரம்தான். கடல் வெகு தூரத்துக்கு முழங்கால் ஆழம், அதனால்தான் கப்பல் துறையை 6.5 கி.மீ. கடலுக்குள் நீட்டிக் கட்டியிருக்கிறார்களாம். கடற்கரைச் சாலையில் டைனோசர் சிலைகள் நிற்கின்றன. பையன் ஒவ்வொன்றுக்கும் விண்கல் விழப்போவதைப் பற்றி எச்சரித்துக்கொண்டே நடந்தான்.

இரட்டைக்கு அப்பா

கான்கூனிலிருந்து காரில் வர நினைத்து இந்த இழையைப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி: சுங்கச் சாலை 300 கி.மீ.க்குச் சற்று மேல், இடையில் பெட்ரோல் பங்கு மிகக் குறைவு, கிளம்பும்போதே நிரப்பிவிடுங்கள். கான்கூன் மணி மெரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். வரும்போது லாபம். திரும்பி விமானம் பிடிக்கப் போகும்போது அந்த ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகும்.

மீனா ஹூஸ்டன்

மருமகள், ஒரு உதவி. ஊஞ்சல் வலை ஒன்று வாங்கி வந்துவிட்டோம், அம்மா விடவில்லை. பருத்தி நூல், இரட்டைப் படுக்கை அளவு. இங்கே ஜிப்சம் சுவர். எப்படி மாட்டுவது?

யுகட்டான் மருமகள்

ஜிப்சம் பலகையில் கொக்கி போட்டால் கொக்கியோடு பலகையும் வரும். உள்ளே நிற்கும் மரக்கட்டை எங்கே என்று கண்டுபிடித்து அதில் திருகுங்கள். வாடகை வீடு என்றால் தாங்கி வாங்கிவிடுவது நல்லது. இரண்டு கொக்கிக்கும் நடுவே 3 மீட்டராவது இருக்கட்டும், தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. வலை தொய்வாகத் தொங்க வேண்டும், இழுத்துக் கட்டாதீர்கள். நீளவாக்கில் படுத்தால் முதுகு வில்லாகிவிடும், குறுக்காகச் சாய்ந்து படுங்கள். துவைக்கும்போது இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டுக் கையால் துவையுங்கள். இயந்திரத்தில் போட்டால் சிக்கெடுக்க என் மாமியாரைத்தான் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும்.